கார்போகரிசியும் வெயிலும்

ஆரணியில் எந்த நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி கேட்டாலும் கடைக்காரர் யோசிக்கமாட்டார். கறுத்த, சற்றே தட்டையான, சிறுநீரக வடிவிலான சின்ன விதை அது. மென்றால் கசக்கும், பிறகு காறும். நலங்கு மாவுக்குச் சாமான் வாங்க வருகிறவர்களின் சீட்டில் பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், பாசிப்பயறு என்று பட்டியல் நீளும். பல வீடுகளில் அந்தப் பட்டியலின் கடைசியில் கார்போகரிசியும் இருக்கும். கல்யாணப் பட்டு எடுக்க நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்துபோகிற ஊர் என்பதால், புடவையோடு நலங்குச் சாமானையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் இங்கே உண்டு.

இதே விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் இன்று கண்ணாடிக் குப்பியில் சீரமாக வருகிறது. அதன் பெயர் பகுச்சியால். முகச்சுருக்கத்தைக் குறைக்கும், அதற்கென்றே பூசப்படும் ரெடினால் போல எரிச்சல் தராது, முழுக்க முழுக்கத் தாவரத்திலிருந்து வந்தது என்று சொல்லி விற்கிறார்கள். 30 மில்லி குப்பிக்குச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய் வரை விலை. இந்த விலையைப் பார்த்ததும் பலருக்கு ஒரு யோசனை வருகிறது. விதைதான் நம் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, அதைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் காய்ச்சி நாமே முகத்தில் தடவிக்கொண்டால் என்ன?

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த எண்ணெயும் அந்தச் சீரமும் ஒன்றல்ல. ஒரே விதைக்குள் குணத்தில் முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் இருக்கின்றன. சீரத்தில் அவற்றில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் காய்ச்சிய எண்ணெயில் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கார்போகரிசி வளர்ந்தவர்களின் தோலுக்குப் பாதுகாப்பானதா என்று கேட்டால், விதையின் எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள், எவ்வளவு, பூசிக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இரண்டு பொருள்களையும் கண்டுபிடித்த கதையில் இந்திய வேதியியலாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கார்போகரிசிச் செடியின் தாவரவியல் பெயர் சொரேலியா கோரிலிஃபோலியா. அவரை, துவரை எல்லாம் அடங்கிய பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெண்புள்ளிக்கு இந்த விதையைக் கொடுப்பது சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்கால வழக்கம். அதில் வேலை செய்வது எது என்று தேடிய ஜோயிஸும் அவருடைய சகாக்களும் 1933இல் விதையிலிருந்து சொராலென் என்ற பொருளைப் பிரித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1966இல், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுக் தேவ், அவருடைய மாணவர் கோவர்தன் மேத்தா, நாயக் ஆகியோர் அதே விதையின் எண்ணெயிலிருந்து பகுச்சியாலைப் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டார்கள். மேத்தா பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அழகுசாதன உலகம் பகுச்சியாலைத் திரும்பிப் பார்க்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

சொராலெனை முதலில் பார்ப்போம். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

மூன்று வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறு அது. தட்டையாக இருப்பதுதான் அதன் பலம். தோலின் உயிரணுவுக்குள் போனதும், மரபுப்பொருளான டிஎன்ஏவின் படிகளுக்கு நடுவே நழுவி உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் வெளிச்சம் படாவிட்டால் அதனால் கெடுதல் எதுவும் இல்லை, கொஞ்ச நேரத்தில் வெளியேறிவிடும். ஆனால் 320 முதல் 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஏ கதிர் பட்டால் கதை மாறுகிறது. கதிரின் ஆற்றலை வாங்கிக்கொண்டு டிஎன்ஏவின் ஓர் இழையிலுள்ள தைமினோடு சொராலென் பிணைகிறது. இன்னொரு முறை கதிர் பட்டால் எதிர் இழையோடும் பிணைகிறது. பாவில் அடுத்தடுத்து ஓடும் இரண்டு நூல்களை யாரோ குறுக்கே முடிச்சுப் போட்டுவிட்டால் தறி எப்படி நிற்குமோ, அப்படி அந்த உயிரணுவின் பிரதியெடுக்கும் வேலை நின்றுபோகும். நிறைய உயிரணுக்களில் இது நடந்தால் தோல் சிவந்து, வீங்கி, கொப்பளிக்கும். தப்பிய பகுதிகளில் நிறமி உற்பத்தி கூடிக் கறுக்கும்.

வெண்புள்ளிக்கு இந்த விதையைக் கொடுத்ததன் காரணம் இந்தக் கறுப்பிலேயே இருக்கிறது. மருந்தைத் தடவி வெயிலில் உட்காரச் சொன்ன பழைய வைத்தியர்கள் மூலக்கூறை அறிந்தவர்கள் அல்லர். வெயில் இல்லாமல் அந்த மருந்து பலிக்காது என்பதை மட்டும் சரியாகக் கவனித்திருந்தார்கள். நைல் நதிக்கரையிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே செடிதான் வேறு, அம்மி மாஜுஸ் என்பது அதன் பெயர். அதிலிருந்து எடுத்த சொராலென் வகைப் பொருளைக் கெய்ரோவில் எல் மோஃப்டி 1940களில் வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974இல் அமெரிக்காவில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், பாதக் முதலியோர் அளந்த மருந்தையும் அளந்த புற ஊதா ஏ கதிரையும் சேர்த்துச் சோரியாசிஸுக்குச் சிகிச்சை தர முடியும் என்று காட்டினார்கள். உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் பூவா என்ற பெயரில் பரவிய சிகிச்சை அதுதான்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. பூவா சிகிச்சை பெற்ற 1,380 அமெரிக்க நோயாளிகளை 1970களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சிகிச்சைத் தவணைகள் கூடக் கூட, செதிலணுப் புற்றுநோய் என்னும் ஒருவகைத் தோல் புற்றுநோயும் அவர்களிடையே கூடியது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மெத்தாக்சாலெனும் புற ஊதா ஏ கதிரும் சேர்ந்த சிகிச்சையை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. மெத்தாக்சாலெனும் சொராலென் குடும்பம்தான். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் வெளிர்நிறத் தோலினர், மருந்தையும் வாய்வழியாக எடுத்துக்கொண்டவர்கள். ஆகவே நலங்கு மாவு பூசியவருக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்று இதிலிருந்து யாராவது சொன்னால் அது அபத்தம். டாக்டர் கண்காணிப்பில் அளந்து கொடுத்தபோதே கவனம் தேவைப்பட்ட ஒரு பொருளை அளவே தெரியாமல் முகத்தில் பூசலாமா என்று கேட்பதற்கு மட்டும் இது போதும்.

இப்போது ஆரணியின் வெயிலுக்கு வருவோம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் கமண்டல நாக நதியின் கரையிலுள்ள இந்த ஊரில், ஆண்டின் பெரும்பகுதி நடுப்பகல் வெயில் கடுமையானது. கோடையில் புற ஊதாக் குறியீடு தமிழ்நாட்டில் 11ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சநிலை. ஆனால் கார்போகரிசி விஷயத்தில் நடுப்பகலை மட்டும் தவிர்த்தால் போதாது. தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் புற ஊதா பி கதிர் காலையிலும் மாலையிலும் வெகுவாகக் குறைந்துவிடும். புற ஊதா ஏ அப்படிக் குறைவதில்லை. காலை எட்டு மணிக்கும் அது இருக்கிறது, மேகத்தைத் தாண்டியும் வருகிறது. ஜன்னல் கண்ணாடி புற ஊதா பியைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். ஏ கதிரில் கணிசமான பங்கு கண்ணாடியைக் கடந்து வந்துவிடும்.

தெருவில் பாவு நீட்டி இழை சரிபார்க்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். வெயில் ஏறுமுன் தொடங்கும் வேலைதான். ஆனாலும் முகமும் கழுத்தும் முன்கையும் வெளிச்சத்தில்தான் இருக்கின்றன. பகல் முழுக்கக் குழித்தறியில் உட்காருகிறவருக்கும் ஜன்னலோரம்தான் நல்ல இடம், ஜரிகை இழையைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசை நீக்குகிறவர்கள், சாயம் தோய்க்கிறவர்கள் ஆகியோரின் கைகள் இன்னொரு வகையில் பாதிக்கப்படக்கூடியவை. காரம் தோலின் இயற்கை எண்ணெய்ப் பூச்சைக் கரைத்துவிடும். பூச்சு போன தோல் எதையும் கூடுதலாக உள்ளே விடும். வறண்டு வெடித்த கைக்கு மூலிகை எண்ணெய் நல்லது என்று கார்போகரிசி எண்ணெயைத் தடவிக்கொண்டு சாயம் தோய்த்த நூலை வெயிலில் உலர்த்தப் போகும் ஒருவர், சொராலென், பூச்சு போன தோல், வெயில் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார். எனக்குக் கவலை தரும் நிலை இதுதான், நலங்கு மாவைவிட இது முக்கியமானது.

நலங்கு மாவைப் பற்றி என் கணிப்பு இது. பத்துப் பன்னிரண்டு சாமான்களில் ஒன்றாக, கொஞ்சமாக, கார்போகரிசி சேர்கிறது. தண்ணீரில் குழைத்துப் பூசிச் சில நிமிடங்களில் கழுவிவிடுகிறோம். சொராலென் தண்ணீரில் எளிதில் கரையாது. ஆகவே தோலுக்குள் போகும் அளவு சிறிது. இருந்தாலும் கழுவிவிட்டோமே என்று முழுக்க நிம்மதி அடைய இடமில்லை. 1970களில் சுவீடனில் மருத்துவர்கள் குளியல் பூவா என்றொரு முறையைக் கொண்டுவந்தார்கள். சொராலென் வகைப் பொருளை மிக நீர்த்த அளவில் கலந்த தொட்டித் தண்ணீரில் நோயாளி கால் மணி நேரம் போல உட்காருவார். பிறகு உடனே கதிர் கொடுப்பார்கள். இன்று இதற்கு மெத்தாக்சாலென் பயன்படும் இடங்களில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவே போதுமானதாக இருக்கிறது. இந்த முறையில் தோலின் ஒளிக்கூச்சம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நம் வீட்டுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. கார்போகரிசி சேர்த்த மாவானால் சாயங்காலம் பூசிக் குளியுங்கள். கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைத்த கையோடு மொட்டை மாடியில் நிறுத்திப் படம் எடுப்பதைத் தவிர்க்கலாம். அந்த விதை இல்லாமலே அரைத்தாலும் நலங்கு மாவு நலங்கு மாவுதான்.

எண்ணெய் விஷயம் வேறு. சொராலென் எண்ணெயில் நன்றாக இறங்கும், எண்ணெயோடு தோலில் தங்கும், கழுவப்படுவதும் இல்லை. விதையை நசுக்கிக் காய்ச்சிய எண்ணெயில் சொராலென் எத்தனை பங்கு என்று வீட்டில் யாராலும் அளக்க முடியாது. ஒரு கடையின் விதைக்கும் இன்னொரு கடையின் விதைக்கும் அளவு மாறும். முகத்தில் பூசி விட்டுவிடும் எண்ணெயாகவோ லேபமாகவோ கார்போகரிசியை வீட்டில் தயாரிக்க வேண்டாம் என்றுதான் திட்டமாகச் சொல்வேன்.

சொராலென் சூடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அது உடனே தெரியாது. வெயிலில் போய்வந்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, பூசிய இடத்தில் மட்டும் சிவந்து எரியும். முற்றினால் கொப்பளம். எலுமிச்சைச் சாற்றைக் கையில் பிழிந்துகொண்டு வெயிலில் நிற்கிறவர்களுக்கும் இதே விதமான புண் வருவதைத் தோல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். எலுமிச்சைத் தோலிலும் இந்தக் குடும்பப் பொருள்கள் உண்டு. நம் நிறத் தோலுக்கு எரிச்சலைவிடத் தொல்லை பின்னால் வரும் கருந்தடம்தான். புண் ஆறினாலும் அந்தத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். அழகுக்குப் பூசியதால் வந்த கறை என்று அதை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. உடல் சூடு என்று சொல்லிவிட்டு மறுபடி அதையே பூசுவார்கள்.

இனி பகுச்சியால். அதன் அமைப்பில் ஒரு பீனால் வளையமும் கிளைத்த நீண்ட வாலும் உண்டு. சொராலென் போலத் தட்டையான மூவளையம் இல்லை, டிஎன்ஏவோடு வெளிச்சத்தில் பிணையும் வேலையும் அதற்கு இல்லை. ரெடினாலோடும் உருவ ஒற்றுமை கிடையாது. ஆனால் தோல் உயிரணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன என்று பார்த்தபோது இரண்டும் ஒரே திசையில் வேலை செய்வதாகச் சௌத்ரி, போயனோவ்ஸ்கி ஆகியோரின் 2014 ஆய்வு காட்டியது. சௌத்ரி அந்த மூலப்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்கவேண்டும்.

மனிதரில் நடந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஒன்று. 44 பேர், 12 வாரம். ஒரு பிரிவினர் அரை விழுக்காடு பகுச்சியால் க்ரீமை நாளுக்கு இருமுறையும், மறுபிரிவினர் அரை விழுக்காடு ரெடினால் க்ரீமை ஒருமுறையும் பூசினார்கள். யாருக்கு எது என்று பூசியவருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. சுருக்கமும் கருமையும் இரண்டிலும் குறைந்தன, இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. செதில் உரிவதும் எரிச்சலும் ரெடினால் பிரிவில் அதிகம். நல்ல முடிவுதான். ஆனாலும் 44 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இவ்வளவு சிறிய ஆய்வில் வேறுபாடு தெரியாமல் போனதால் இரண்டும் சமம் என்று முடிவு கட்ட முடியாது. 12 வாரத்தில் தெரியாத விளைவுகளைப் பற்றி அது எதுவும் சொல்லவும் இல்லை. ரெடினாலை மனிதர் பூசிவந்த அனுபவம் எவ்வளவோ நீண்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் முகப்பூச்சில் ரெடினால் 0.3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. பகுச்சியாலுக்கு அவ்வளவு நீண்ட பதிவு இன்னும் சேரவில்லை.

ஒவ்வாமை வந்தவர்களும் இருக்கிறார்கள். பகுச்சியால் கலந்த பூச்சால் தொடு ஒவ்வாமை வந்ததை 2019இல் மருத்துவ இதழொன்றில் பதிவுசெய்தார்கள். சொராலென் சூட்டுக்கும் இதற்கும் அடையாளம் வேறு. ஒவ்வாமையில் அரிப்புதான் முன்னிற்கும், வெயில் தேவையில்லை, பூசிய எல்லையைத் தாண்டியும் பரவலாம். கர்ப்பிணிகளுக்கு ரெடினால் கூடாது, ஆகவே பகுச்சியால் கொடுக்கலாம் என்றொரு விளம்பர வாதம் உலவுகிறது. ரெடினால் கூடாது என்பது சரி. பகுச்சியால் கூடும் என்பது அதிலிருந்து வராது. கர்ப்பிணிகளில் அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளின் பலத்தில் பிறந்த வாதமல்ல அது. சோதனைக்கூடத்தில் பகுச்சியால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு இணைவதையும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பத்து மாதமும் சீரம் இல்லாமல் கழிந்தால் முகத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

வாங்குகிறவர் லேபிளில் பார்க்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சேர்மானப் பட்டியலில் ‘பகுச்சியால்’ என்று மட்டும் இருந்தால் அது பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்திய பொருள். ‘சொரேலியா கோரிலிஃபோலியா சீட் ஆயில்’ அல்லது ‘சீட் எக்ஸ்ட்ராக்ட்’ என்று இருந்தால் அது முழு விதையின் எண்ணெய் அல்லது சாறு. அதில் சொராலென் நீக்கப்பட்டதா என்பது தயாரித்தவருக்குத்தான் தெரியும், அவரிடம் சோதனை அறிக்கை கேட்பதில் தவறில்லை. ஐரோப்பாவில் வெயில் காப்புப் பூச்சுகளிலும் தோலைக் கறுக்கவைக்கும் பூச்சுகளிலும் இந்தக் குடும்பப் பொருள்கள் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, இருக்கவேண்டும். இந்தியாவில் அழகுசாதனப் பொருளைத் தயாரித்து விற்க 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும், சேர்மானங்களை லேபிளில் எழுதவும் வேண்டும். தெரிந்த அக்கா வீட்டில் காய்ச்சி வாட்ஸாப்பில் விற்கும் எண்ணெய்க் குப்பியில் இந்த இரண்டும் பெரும்பாலும் இருக்காது. அவருடைய நல்லெண்ணத்தில் சந்தேகமே வேண்டாம், ஆனால் சொராலெனை அளக்கும் கருவி அவரிடம் இல்லை.

புதிதாகச் சீரம் வாங்கியவர் முழங்கை மடிப்பில் ஒரு சிறு இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம், பத்து நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம். ஒரே ஒரு முறை தடவிப் பார்ப்பது போதாது, ஒவ்வாமை சில நாள் கழித்தே தலைகாட்டும். பகலில் பூசுகிறவர் மேலே சன்ஸ்கிரீனும் போடவேண்டும், அதில் புற ஊதா ஏ காப்பைக் குறிக்கும் பிஏ அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கத்தைக் குறைக்கப் பூசிவிட்டுச் சுருக்கத்தை உண்டாக்கும் வெயிலில் முகத்தைக் காட்டுவதில் பயன் இல்லை.

வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். அவர்கள்தான் இந்த விதையை அதிக நம்பிக்கையோடு தேடிப் போகிறவர்கள், அதிகம் சுட்டுக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். வெளுத்த இடத்தில் நிறமி இல்லை, ஆகவே காப்பும் இல்லை. அக்கம்பக்கத்தார் பார்வைக்கு அஞ்சி, யாருக்கும் தெரியாமல், விதையை அரைத்துப் பூசிக் கொப்பளத்தோடு வருகிறார்கள். வெண்புள்ளி தொற்றாது, தொழுநோயோடு அதற்கு எந்த உறவும் இல்லை, மறைத்து வைத்தியம் பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. இன்று பெரும்பாலான இடங்களில் இதற்குச் சொராலென் இல்லாத குறும்பட்டைப் புற ஊதா பி சிகிச்சையையே முதலில் தருகிறார்கள். விதையை உள்ளுக்குச் சாப்பிடுவது இன்னும் ஆபத்து. இந்த விதை சேர்ந்த மருந்துகளை உட்கொண்டு கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து மருத்துவப் பதிவுகள் வந்திருக்கின்றன. தகுதிபெற்ற சித்த மருத்துவர் கொடுத்தாலும், கல்லீரல் பரிசோதனை எப்போது என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடத் தொடங்கியபின் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்ந்தாலோ, உடனே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும்.

எதைப் பூசித் தோல் பொங்கினாலும் டாக்டரைப் பார்க்கப் போகையில் அந்தக் குப்பியையோ பொடிப் பொட்டலத்தையோ கையோடு எடுத்துப்போங்கள். எப்போது பூசினோம், எப்போது வெயிலில் போனோம், எத்தனை நாள் கழித்துச் சிவந்தது என்பதையும் சொல்லுங்கள். ‘மூலிகைதான் டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. கார்போகரிசி என்ற பெயரைக் கேள்விப்படாத மருத்துவருக்கும் சொரேலியா என்றால் உடனே விளங்கிவிடும்.